வெள்ளத்தைப் பையத் திற

1

இந்த வாரத்தோடு நான் ஊரை விட்டு வந்து எட்டு வருடம் முடிகிறது. வழக்கமாக இந்த நாளில் என் கணவர் சைமன் மரச்சீனிக் கிழங்கு தேடி ஆசியக் கடைக்குப் போவார். நான் மீன் தேடிப் போவேன். இருவரும் பனிக்கட்டியாக உறைந்த ஏதோ ஒன்றோடு திரும்பி வந்து, அதை ஊர்ச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டு சாப்பிடுவோம். இந்த முறை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். காரணம், என் ஆய்வகத்தில் ஒரு ஒளித்துடிப்பு நின்றுவிட்டது. ஓடாமல் நின்றதல்ல, ஓடிக்கொண்டே நின்றது. இதை யாரிடமாவது விலாவாரியாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

திற்பரப்பு அருவிப் பக்கம் குளிக்க வருகிறவர்களுக்குத் தோர்த்துத் துண்டும் எண்ணெயும் விற்கிற கடை என் அக்கா லில்லியினுடையது. அங்கே யார் வந்து கேட்டாலும் அவள், "எனக்க தங்கச்சி ஜெர்மனியில லைட்டு வேலையாக்கும்" என்றுதான் சொல்வாள். அதைக் கேட்டு என்னை எலக்ட்ரீஷியன் என்று நினைத்த ஒருவர், தன் மகனை அங்கே கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று விசாரித்துவிட்டுப் போனாராம். நான் கோபப்படவில்லை. அக்கா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை, லைட்டு வேலைதான்.

நகத்தின் அளவு ஒரு சில்லு, அதாவது சிப். அதன் மேல் உப்புக்கல் அளவுக்கு ஒரு வளையம். அதற்குள் லேசர் ஒளியை விட்டால் சுற்றிச் சுற்றி வரும். பொதுவாக ஒரு ஒளித்துடிப்பு ஓட ஓட அகன்று, பரவி, கலைந்து போகும். ஆனால் ஒளி வலுவாக இருந்தால், அது போகிற வழியின் தன்மையையே கொஞ்சம் மாற்றித் தன்னைச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளும். பரவுவதும் சுருங்குவதும் சரிக்குச் சரி நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் குறைகிற வெளிச்சத்தை லேசர் ஈடு கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர அமைந்துவிட்டால் துடிப்பு உருக்குலையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். சாலிடான் என்பார்கள். தமிழில் தனியலை எனலாம்.

இதை முதலில் பார்த்தது ஒளியில் அல்ல, தண்ணீரில். ஸ்காட்லாந்தில் ஒரு பொறியாளர், கால்வாயில் படகு சட்டென்று நின்றதும் அதன் முன்னால் எழுந்த ஒற்றை அலை மட்டும் நிற்காமல், உருமாறாமல் ஓடுவதைக் கண்டு குதிரையில் அதைத் துரத்திக்கொண்டு போனாராம். கல்லூரியில் இதைப் படித்த அன்றே எனக்கு மாத்தூர் தொட்டிப்பாலம்தான் ஞாபகம் வந்தது. அந்தரத்தில் தொங்குகிற சானலில் தண்ணீர் ஓட, பக்கத்து நடைபாதையில் நாங்கள் பிள்ளைகள் எல்லாம் ஓடுவோம். அங்கே குதிரை மட்டும்தான் இல்லை.

2

வளையத்தில் தனியலைகள் கும்பலாக வருவது பெரிய காரியம் இல்லை. லேசரின் நிறத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு போனால் முதலில் ஒரே கலவரமாக இருக்கும், பிறகு நாலைந்து துடிப்புகள் தோன்றி ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றும். எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு தனியலை மட்டும் ஓடினால்தான் வெளியே வருகிற ஒளி, சம இடைவெளியில் பல் வைத்த சீப்பு மாதிரி சுத்தமாக, சீராக இருக்கும். நேரத்தை அளக்கவும் தகவல் அனுப்பவும் அந்தச் சீப்பு வேண்டும். நான்கு ஓடினால் அவற்றின் ஒளி ஒன்றோடொன்று மோதி, சீப்பின் பற்கள் ஒன்று நெட்டையும் ஒன்று குட்டையுமாக ஆகிவிடும்.

நான்கிலிருந்து ஒன்றுக்கு இறங்க வழி தெரியாமல் இல்லை. லேசரின் நிறத்தை வந்த வழியே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்தால் துடிப்புகள் ஒவ்வொன்றாகக் குறையும். மற்ற ஆய்வகங்களில் செய்கிறார்கள். எங்கள் கிழட்டு லேசரோ முன்னால் ஒழுங்காகப் போகும், பின்னால் வரும்போது துள்ளும். அது ஒரு துள்ளு துள்ளினால் நான்கும் சேர்ந்தே போய்விடும். புது லேசர் கேட்டால் எங்கள் குழுத்தலைவர் கூரையைப் பார்ப்பார்.

அவர் நல்ல மனிதர். ஆனால் அவரிடம் இரண்டே பதில்கள்தான். ஒன்று "ஷாடே", அதாவது அடடா, வருத்தம்தான். மற்றொன்று "நா யா". பார்க்கலாம், இருக்கட்டும், என்ன செய்வது, எல்லாமே அதற்குள் அடங்கும். வந்த புதிதில் அவர் என் வரைபடத்தைப் பார்த்து "நா யா" என்றபோது, "நாயா?" என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நான் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறேன்.

இந்தக் கோடையில் அவர் அந்த இரண்டையும் விட்டுவிட்டு நீளமாகப் பேசினார். இலையுதிர்காலத்தில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் கண்முன்னே ஒற்றைத் தனியலை நிலையாக ஓட வேண்டும். இல்லையென்றால் இந்த மேசையும் கருவிகளும் வேறு குழுவுக்குப் போய்விடும். மேசை போனால் என் வேலை போகும். வேலை போனால் வருட முடிவில் எங்கள் மூன்று பேரின் வசிப்பிட அட்டையும் செல்லாது. சைமன் ஊரில் பள்ளி ஆசிரியர், இங்கே மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் அட்டை என் அட்டையில் தொங்குகிறது, மகள் ரூத்தின் அட்டையும் அப்படித்தான்.

வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு விசித்திரம் உண்டு. எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றதால் முதல் வருடமே அப்பா பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இந்த ஊர் முழுக்க நான் திருமதி ஞானமுத்து. அப்பா திருவனந்தபுரத்தைத் தாண்டிப் போனதில்லை. இங்கே அவரை ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள்.

"வேலை ஒப்பந்தம் நீண்டால் அட்டை நீளும், திருமதி ஞானமுத்து," என்றார் அங்கே கவுண்டரில் இருந்த அம்மாள், என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "நீளாவிட்டால் என்னிடம் மறுபடி வராதீர்கள், என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

எனக்குப் பயமாக இருந்தது. அப்பட்டமான பயம். வீடு வரை நடந்தே வந்தேன்.

3

இங்கே ஒரு சொல்லைப் பற்றி எழுத வேண்டும்.

எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், குழாயில் வருகிற தண்ணீர், எல்லாம் வெள்ளம்தான். நாகர்கோவில் தாண்டி அஞ்சுகிராமம் பக்கம் போனால்கூடச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ரூத்துக்குத் தெரியாது. அவளுக்குத் தமிழ் என்பது நாங்கள் வீட்டில் பேசுவது மட்டும்தானே.

சனிக்கிழமைகளில் இங்கே ஒரு தமிழ் வகுப்பு நடக்கிறது. நடத்துகிறவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியை, அன்பானவர், கறாரானவர். போன வருடம் ரூத் அங்கே "எனக்கு தினமும் வெள்ளம் வேண்டும்" என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியை சிவப்பு மையால் வட்டம் போட்டு, "தினமும் வெள்ளம் வந்தால் ஊர் தாங்குமா பிள்ளை?" என்று கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. அவர் செல்லமாகத்தான் கேட்டிருப்பார். பத்து வயதுப் பிள்ளைக்கு அது எங்கே புரியும்.

வீட்டுக்கு வந்ததும் ரூத் ஜெர்மனில், "நீ எனக்குத் தப்பான தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்" என்றாள். அன்றிலிருந்து நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். கோபம் தீர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் தீரவில்லை. நானும் அவளுக்காக வெள்ளத்தை விட்டுவிட்டு "தண்ணீர், தண்ணீர்" என்று சொல்லிப் பார்த்தேன். நாடகத்தில் வசனம் பேசுவது போல இருந்தது. சைமன், "ஒனக்க வாயில அது ஒட்டல்ல, கேட்டியா" என்றார். என் பிள்ளையிடம் பேச என்னிடம் வேறு தமிழ் இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

4

சுபாஷிணி எங்கள் குழுவில் இன்னொரு தமிழ்ப் பெண். அம்பத்தூர்க்காரி, என்னைவிடச் சில வயது இளையவள், கையில் எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டாள். என்னை அக்கா என்பாள். வேலை நேரத்தில் நாங்கள் ஆங்கிலம்தான் பேசுவோம். அவள் சென்னைத் தமிழும் என் தமிழும் நேருக்கு நேர் வந்தால் ஆளுக்கொரு அகராதி வேண்டும்.

வளையம் உட்கார்ந்திருப்பது ஒரு செம்புக் கட்டையின் மேல். அது சூடாகாமல் இருக்க அதற்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பம்பின் அதிர்வு மேசைக்கு வரக்கூடாது என்பதால் பம்பும் வால்வும் எதிர் அறையில். அங்கே ஒருவர், இங்கே ஒருவர், நடுவில் போன் ஸ்பீக்கரில்.

ஒரு நாள் மதியம், சுபா அங்கே பம்ப் அறையில் இருக்க, நான்கு துடிப்புகள் வந்து, அசையாமல் வெகுநேரம் ஓடின. நாங்கள் அதுவரை பார்த்ததிலேயே நல்ல ஓட்டம் அதுதான். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குழாயில் வழக்கமான சத்தம் கேட்கவில்லை என்று ஒரு சந்தேகம். போனில் ஆங்கிலம் மறந்து போய் ஊர் பாஷையில் கத்தினேன்.

"சுபா, அங்க வெள்ளம் வருதான்னு ஒண்ணு பாரு."

"என்னக்கா? வெள்ளமா?"

"வெள்ளம்தான் ஏட்டி. ஒடனே பாரு."

பிறகுதான் தெரிந்தது, சுபா கல்லூரியில் படிக்கும்போது அவர்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்க மழை வெள்ளத்தில் போயிருக்கிறது. அந்தச் சொல் காதில் விழுந்தால் அவள் கை தானாக மெயின் சுவிட்சைத் தேடும். தேடியது. பம்பை அணைத்தாள், வால்வையும் இறுக மூடினாள்.

செம்புக் கட்டையின் வெப்பநிலை மெல்ல ஏற ஆரம்பித்தது. எனக்கு உயிர் போய்விட்டது. எத்தனை மாதமாக அந்த எண் அசையக்கூடாது என்று காவல் காத்திருக்கிறோம். திரையில் ஒளியின் அளவைக் காட்டும் கோடு ஒரு படி இறங்கியது. எல்லாம் போச்சு என்று கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தால் போகவில்லை. நான்கு மூன்றாகியிருந்தது. மூன்றும் அழகாக ஓடிக்கொண்டிருந்தன. நான் மூச்சு விடுவதற்குள் இன்னொரு படி. இரண்டு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது விழவில்லை, படி இறங்குகிறது. லேசரை நாங்கள் பின்னுக்கு இழுக்க முடியவில்லை, சரி. ஆனால் வளையம் சூடானால் அது ஏற்கிற நிறம் தானாக லேசரை நோக்கி நகருமே. லேசரைப் பின்னுக்கு இழுப்பதும் வளையத்தை முன்னுக்கு நகர்த்துவதும் ஒன்றுதானே. லேசர் துள்ளும். செம்புக் கட்டைக்கோ துள்ளத் தெரியாது.

ஆனால் சூடு இப்படியே ஏறிக்கொண்டு போனால் மிச்சம் இருப்பதும் கலைந்து போகும். தண்ணீர் திரும்ப வர வேண்டும். ஒரேயடியாகக் குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தாலும் கெட்டது. மெதுவாக, மிக மெதுவாகத் திறக்க வேண்டும். மெதுவாக என்பதற்கு எங்கள் ஊரில் ஒரே சொல்தான், பைய.

"ஏட்டி சுபா, பைய தொற. பைய!"

"எந்தப் பையக்கா?"

"பைய தொறன்னு பறயியேன்லா!"

போனில் கரகரவென்று ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. பம்ப் அறைக் கதவில் என் சாப்பாட்டுப் பை தொங்கும்.

"தொறந்துட்டேன்கா. டிபன் பாக்ஸ்தான் இருக்கு. புட்டும் பயறும். வேற என்ன தேடணும்?"

திரையில் கடைசிப் படி இறங்கிக்கொண்டிருந்தது. மேடும் பள்ளமுமாக இருந்த பற்கள் எல்லாம் ஒரே மூச்சில் சீராகி, நடுவில் உயர்ந்து இரு பக்கமும் வழுவழுவென்று இறங்கும் ஒரு கூடாரமாக நின்றன. ஒன்று. ஒரே ஒரு தனியலை. அவள் என் பையைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரம்தான் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கத் தேவையாக இருந்த நேரம்.

பிறகு நான் வாழ்க்கையில் முதல்முறையாக அச்சுத் தமிழில் கத்தினேன். "சுபாஷிணி, பம்பைப் போடு. தண்ணீர்க் குழாயின் வால்வை மெதுவாகத் திற."

அவள் திறந்தாள். எண் தயங்கி, நின்று, மெல்லக் கீழே வந்தது. தனியலை அசையவில்லை. ஓடிக்கொண்டே நின்றது.

சுபா முகம் வெளுத்து ஓடிவந்தாள். ஒரு கையில் என் டிபன் பாக்ஸ். "தண்ணி எங்கக்கா புகுந்துச்சு? தரை காய்ஞ்சு கிடக்கே?" என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன். திரையைக் காட்டினேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து என் புட்டைத் தின்ன ஆரம்பித்தாள்.

5

ஒருமுறை நடந்தது குருட்டு அதிர்ஷ்டம். அடுத்த நாள் வேண்டுமென்றே செய்தோம். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. அதற்கடுத்த நாளும் செய்தோம். சிலமுறை தவறியது. நேரம் பிந்தித் திறந்தால் போயிற்று, அவசரப்பட்டுத் திறந்தாலும் போயிற்று. இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. இரண்டு பேருக்கும் குழப்பம் வரக்கூடாது என்று சுபா ஒரு வெள்ளைப் பட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வால்வின் மேல் ஒட்டினாள்: "வெள்ளம். பைய."

குழுத்தலைவர் வந்து வெகுநேரம் திரையைப் பார்த்தார். ஷாடே வரவில்லை. "நா யா," என்றார். காது வரை சிவந்திருந்தார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் பின்னால் அருவிச் சத்தம்.

"அக்கா, வெள்ளத்த நிப்பாட்டினோம், லைட்டு நிண்ணுட்டு."

"அது எப்பிடியாக்கும்? இங்க வெள்ளம் நிண்ணா எனக்க கடையில ஒரு தோர்த்து போவாது. ஒனக்கு வெள்ளம் நிண்ணாத்தான் யாவாரமா?"

"ஆமா."

"கொள்ளாம், நல்ல யாவாரம். அப்ப ஒங்கள அங்கயே வச்சுக்கிடுவானுவளா?"

"பெரிய ஆளுவ வந்து பாக்கணும். அதுக்குப் பெறவுதான் தெரியும்."

"பேடிக்காத," என்று தைரியம் சொன்னாள். பிறகு யாருக்கோ எண்ணெய் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் சைமனிடம் பை திறந்த கதையைச் சொன்னேன். சைமனுக்குப் புரையேறிவிட்டது. ரூத் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் கழித்துத் தன் பாட்டுக்கு மூக்கால் சிரித்தாள்.

6

மதிப்பீட்டுக் குழு வந்த அன்று ரூத்தின் பள்ளிக்கு விடுமுறை. சைமனுக்கு மொழித் தேர்வு. வேறு வழியில்லாமல் அவளையும் ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பம்ப் அறைக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

வந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் நரைத்த முடி வைத்த அம்மாள் ஒருவர் எதையும் நம்பாத முகத்தோடு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். நான்கு துடிப்புகள் வந்தன. போனில் சொன்னேன், "சுபா, வெள்ளம்." பம்ப் நின்றது. எண் ஏறியது. மூன்று. என் உள்ளங்கை வேர்த்து எலி வழுக்கியது, கணினி எலிதான். இரண்டு. அங்கேயே வெகுநேரம் நின்றது. அட்டை, பள்ளி, சைமனின் தேர்வு எல்லாம் அந்த ஒரு படியில் தொங்குவது எனக்குத் தெரியும். அந்த அம்மாள் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

ஒன்று.

"பைய," என்றேன். எண் மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது. கூடாரம் அசையவில்லை. அந்த அம்மாள் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, "அந்த வால்வைக் காட்டுங்கள்," என்றார்.

எல்லாரும் எதிர் அறைக்குப் போனோம். அவர் கண் நேராகப் பட்டைக்குப் போனது. "இது என்ன எழுத்து? என்ன எழுதியிருக்கிறீர்கள்?"

அகராதிப்படி வெள்ளப்பெருக்கு, ஆனால் எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்று எந்த மொழியில் தொடங்குவது என்று தெரியாமல் விழித்தேன். சுபாவும் விழித்தாள்.

"வாஸ்ஸர்," என்றது ஜெர்மனில் ஒரு குரல். ரூத் நாற்காலியை விட்டு எழுந்து வாசலில் நின்றிருந்தாள். எழுத்துக் கூட்டி அடுத்ததையும் வாசித்து மொழிபெயர்த்தாள். "பைய. லாங்ஸாம்."

பிறகு அந்த அம்மாளைப் பார்த்து ஜெர்மனில் சொன்னாள். "வகுப்பில் கேட்டால் இதற்கு வேறு அர்த்தம் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இதுதான் தண்ணீர்."

அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டே அதைக் குறித்துக்கொண்டார். அவர்கள் கிளம்பும்போது குழுத்தலைவர் என் அருகில் வந்து, "நா யா, திருமதி ஞானமுத்து," என்றார். "அடுத்த வருடமும் உங்கள் மேசை இங்கேதான் இருக்கும். அடுத்த முறை அந்தச் சிறுமியையும் கூட்டி வாருங்கள்." நான் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

டிராமில் திரும்பி வரும்போது ரூத் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் என் பக்கம் திரும்பி, "அம்மா, வெள்ளம் தா," என்றாள்.

பாட்டிலை எடுத்து நீட்டினேன். வண்டி குலுங்கியது. "பைய தொற மக்களே, சிந்திப்போவும்," என்றேன்.

அவள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, என் தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பையின் ஜிப்பைக் கரகரவென்று இழுத்தாள்.

"தொறந்துட்டேன்கா," என்றாள். "புட்டும் பயறும்தான் இருக்கு."